சனி, ஞாயிறு லீவு எந்த மாத்திரைக்கு? – அம்மாவின் இதய மாத்திரைக் குழப்பம்

கவுண்டன்யக்கரை
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் இருக்கிறேன். அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார், வயது 64. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. 11 வருடம் முன்பு பலூன் வைத்து விரித்தார்கள். போன வருடம் படபடப்பு, மூச்சிரைப்பு என்று போனபோது ஈ.சி.ஜி. எடுத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேல் அறை நடுங்கி, துடிப்பு ஒழுங்கில்லாமல் போவது) என்று சொல்லி மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார்கள்.

மொத்தம் நான்கு. ரத்தம் கட்டாமல் இருக்க அசெனோகூமரால். துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், கூடவே டிகாக்சின். அப்புறம் நீர் மாத்திரை ஒன்று.

மூன்று மாதமாக ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண்) 1.4, 1.5 என்று குறைவாகவே வருகிறது. டாக்டர் ஒவ்வொரு முறையும் அசெனோகூமராலைக் கூட்டுகிறார். 1 மில்லிகிராமில் ஆரம்பித்தது இப்போது 3-ல் நிற்கிறது. இன்று மதியம் ஊருக்குப் போயிருந்தேன். "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்றால், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல, லீவு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டிகாக்சினுக்கு நேராகச் சீட்டில் "சனி, ஞாயிறு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அம்மா அதை நான்கு மாத்திரைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, பத்து மாதமாக வாரத்தில் இரண்டு நாள் எதையுமே போடவில்லை. ஞாயிறு ராத்திரி மட்டும் படபடப்பாக வருகிறது என்று அடிக்கடி சொல்வார். மட்டன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்போது இரவு மாத்திரையைப் போடச் சொல்லலாமா? நாளை காலை ஐ.என்.ஆர். பார்க்கப் போக வேண்டும்.


முள்ளுக்கத்தரி
ஞாயிறு, இரவு 9.58

தங்கச்சி, முதலில் பதறாதே. நான் 28 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது அணைக்கட்டில் இருக்கிறேன். இந்தச் சனி ஞாயிறு குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிகாக்சின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பாதி அளவு போகவே ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக இருந்தால் இன்னும் நாளாகும். அது உள்ளே சேர்ந்துவிடக் கூடாது என்றுதான் நம் ஊர் டாக்டர்கள் பலர் வாரத்துக்கு ஐந்து நாள் என்று எழுதுவார்கள். அந்த லீவு டிகாக்சின் ஒன்றுக்குத்தான்.

அசெனோகூமரால் நேர் எதிர். பாதி நாளுக்குள்ளேயே பாதி போய்விடும். இரண்டு நாள் விட்டால் திங்கட்கிழமை காலை ரத்தம் பழையபடி உறைய ஆரம்பித்திருக்கும். உங்கள் ஐ.என்.ஆர். ஏன் 1.4-லேயே நிற்கிறது என்பதற்கு விடை இதுதான்.

மெட்டோப்ரோலாலையும் இப்படித் திடீரென்று விட்டு விட்டுப் போடக் கூடாது. பிடித்து வைத்திருந்த குதிரையைச் சட்டென்று விட்ட மாதிரி துடிப்பு எகிறும். மட்டன் குழம்பு பாவம்.

அம்மாவுக்கு இப்போது மூச்சிரைப்போ மயக்கமோ இருக்கிறதா? இருந்தால் காலைவரை காத்திருக்காதே.


கவுண்டன்யக்கரை
ஞாயிறு, இரவு 10.05

இல்லைக்கா. நன்றாகத்தான் பேசுகிறார். சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


மருந்துக்கடை தாத்தா
ஞாயிறு, இரவு 10.20

ராணிப்பேட்டையில் 31 வருடம் மருந்துக்கடை கவுன்டரில் நின்றவன் சொல்கிறேன். அம்மாடி, ஒன்றைக் கவனி. சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நாளையிலிருந்து ஏழு நாளும் 3 மில்லிகிராம் என்று நீயாக ஆரம்பித்துவிடாதே.

டாக்டர் 1-லிருந்து 3-க்கு ஏற்றியது எதைப் பார்த்து? அம்மா தினமும் போடுகிறார், அப்படியும் ஐ.என்.ஆர். ஏறவில்லை என்று நினைத்து. உண்மையில் அது ஐந்து நாள் மாத்திரைக்கு வந்த அளவு. அதையே ஏழு நாளும் கொடுத்தால் ஐ.என்.ஆர். 5, 6 என்று தாண்டிப் போய் ரத்தக்கசிவில் முடியலாம். அம்மா மாதிரி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிறுத்தச் சொல்வார்கள்.

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், டாக்டரையோ அங்கே இருக்கிற நர்ஸையோ பார்த்து, "பத்து மாதமாக வாரத்தில் இரண்டு நாள் போடவில்லை" என்று வெட்கப்படாமல் சொல். திட்டினால் வாங்கிக்கொள். அது தெரியாமல் 1.4-ஐப் பார்த்து 4 மில்லிகிராம் எழுதிவிட்டால்தான் ஆபத்து. இன்று ராத்திரிக்கு என்ன செய்வது என்று ஆஸ்பத்திரிக்கு இப்போதே போன் போட்டுக் கேள். இங்கே யாரும் அளவு சொல்ல மாட்டோம், சொன்னாலும் கேட்காதே.


கோட்டை அகழி
ஞாயிறு, இரவு 11.15

இந்த ஐ.என்.ஆர். தொல்லையே வேண்டாம் என்றுதான் எங்கள் அப்பாவுக்குப் புது வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அபிக்சபான். காலை ஒன்று, இரவு ஒன்று. மாதாமாதம் ரத்தம் குத்த வேண்டாம், கீரை சாப்பிடாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கும் மாற்றச் சொல்லுங்கள் சகோதரி. அசெனோகூமரால், வார்ஃபரின் எல்லாம் எலி மருந்து வம்சம். இன்னுமா அதைக் கொடுக்கிறார்கள்?


மருந்துக்கடை தாத்தா
திங்கள், காலை 6.10

எலி மருந்து என்பது உண்மைதான் தம்பி. வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-லிருந்து மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதனால் என்ன? உப்பும் அளவு மிஞ்சினால் கெடுதல்தான்.

உங்கள் அப்பாவுக்கு வால்வில் கோளாறு உண்டா?


கோட்டை அகழி
திங்கள், காலை 7.02

இல்லை தாத்தா. வயது 76, பி.பி. மட்டும்தான்.


முள்ளுக்கத்தரி
திங்கள், காலை 7.30

அங்கேதான் வித்தியாசம் தம்பி. வால்வு நன்றாக இருந்து இந்தத் துடிப்புக் கோளாறு மட்டும் வந்தவர்களுக்கு அபிக்சபான், ரிவரொக்சபான், டாபிகாட்ரான் எல்லாம் நல்ல மருந்துகள். மூளைக்குள் ரத்தம் கசிவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மாத்திரைதான்.

இது வெறும் பழக்கத்தால் சொல்வது இல்லை. 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வில், மூட்டுக் காய்ச்சல் வால்வும் துடிப்புக் கோளாறும் சேர்ந்த 4,500 பேருக்கு மேல் எடுத்து, பாதிப் பேருக்கு ரிவரொக்சபானும் மீதிப் பேருக்கு வார்ஃபரின் வகையும் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய மாத்திரைக்காரர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வையோ 2012-லேயே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதனால் "மாற்றச் சொல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே.

அது போகட்டும், அப்பா ஆஸ்பிரினும் சேர்த்துப் போடுகிறாரா?


கோட்டை அகழி
திங்கள், காலை 7.41

எப்படிக்கா கண்டுபிடித்தீர்கள்? போடுகிறார். "இதயத்துக்கு நல்லது" என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்லி, ஒரு வருடமாக இரவு ஒன்று.


முள்ளுக்கத்தரி
திங்கள், காலை 7.50

டாக்டர் எழுதினாரா, வாத்தியார் எழுதினாரா? ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சில காலம் இரண்டையும் சேர்த்து எழுதுவது உண்டு. மற்றபடி அபிக்சபான் போடுகிறவருக்கு ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிகிற வாய்ப்புதான் கூடும். இன்றைக்கே டாக்டரிடம் கேள். மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்றும் அப்பாவிடம் கேட்டுக்கொள். கேட்காவிட்டால் அப்பாக்கள் சொல்ல மாட்டார்கள்.

ரத்தச் சோதனை இல்லை என்பதற்காக அசட்டையாகவும் இருக்காதே. அபிக்சபான் ஒரு வேளை விட்டாலே பாதுகாப்பு குறைந்துவிடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும், அப்பா வயதுக்கு இன்னும் அடிக்கடி.


பச்சிலை
திங்கள், காலை 10.25

இவ்வளவு ரசாயனம் எதற்கு? மருதம்பட்டைக் கஷாயம் காலை மாலை குடித்தால் இதயம் இரும்பாகும். என் மாமனார் இரண்டு வருடமாகக் குடிக்கிறார். அதிமதுரமும் சேர்த்தால் நல்லது.


மருந்துக்கடை தாத்தா
திங்கள், காலை 11.00

பச்சிலை ஐயா, உங்கள் மாமனார் நன்றாக இருக்கட்டும். ஆனால் இதயத்தின் மேல் அறை நடுங்கும்போது ரத்தம் ஓடாமல் தேங்கி, ஓர் ஓரத்தில் கட்டியாகிறது. அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மருதம்பட்டை அந்தக் கட்டியைத் தடுக்காது.

அதிமதுரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்சின் அதே அளவிலேயே விஷமாக வேலை செய்யும். அந்த அம்மாள் மூன்றையும் சேர்த்தால் என்ன ஆகும்?

டிகாக்சினே ஒரு செடியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-ல் புத்தகமே எழுதினார். அளவு மிஞ்சினால் வாந்தி, பார்வையில் மஞ்சளும் பச்சையும், நாடி விழுவது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் அரளியின் நஞ்சும் டிகாக்சினுக்குப் பங்காளிதான். செடி என்பதால் சாது என்று யார் சொன்னது?


பச்சிலை
திங்கள், பகல் 12.10

நான் நிறுத்திவிட்டுக் குடி என்று சொல்லவில்லையே. சரி, டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.


வெயிலூர் (நெறியாளர்)
திங்கள், பகல் 12.30

இழை தலைப்பை விட்டுப் போக வேண்டாம். தாத்தா, பச்சிலை இருவரும் போன மாதம் வேறொரு இழையில் போட்ட கத்தரிக்காய்ச் சண்டையை இங்கே தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கவுண்டன்யக்கரை
திங்கள், மாலை 4.15

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

இரவே போன் செய்தேன். "இன்று வேண்டாம், காலையில் வாருங்கள், எல்லா மாத்திரையும் எடுத்து வாருங்கள்" என்றார்கள். விடியற்காலை முதல் பஸ் பிடித்து அம்மா வந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் வங்காளத்திலிருந்து வந்த குடும்பம், ஒரு வயசான அம்மா, கையில் ஃபைல். பிளாஸ்டிக் உறைக்குள் பத்து வருடச் சீட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து போன எங்களிடம் ஒரே ஒரு கசங்கிய சீட்டு.

டாக்டர் முன்னால் அம்மாவின் மஞ்சப்பையைக் கவிழ்த்தோம். கத்தரித்து வாங்கிய அட்டைத் துண்டுகள், பெயர் இருக்கிற பக்கமே இல்லாமல். தைல டப்பா ஒன்றில் அரை அரையாக வெட்டிய மாத்திரைகள். "எதில் வெட்டினீங்க?" என்றார். "அருவாமணையில்" என்றார் அம்மா. ஒரு பாதி பெரிதாக, ஒரு பாதி தூளாக. எது 1 மில்லிகிராம் பாதி, எது 2 மில்லிகிராம் பாதி என்று அம்மாவுக்கே தெரியவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. அந்த டப்பாவை மட்டும் வாங்கிக் குப்பைக்கூடையில் கொட்டினார்.

ஐ.என்.ஆர். 1.4. தாத்தா சொன்ன மாதிரியே, "இது தெரியாமல் இருந்தால் இன்று 4 எழுதியிருப்பேன்" என்றார். இப்போது ஏழு நாளும் 2, வெட்டாமல் முழு மாத்திரை, மாலை 6 மணிக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி சோதனை. மெட்டோப்ரோலால் தினமும். டிகாக்சின் மட்டும் ஐந்து நாள்.


மருந்துக்கடை தாத்தா
திங்கள், மாலை 5.00

நல்லது. மாலை 6 மணி ஏன் தெரியுமா? காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு மதியம் வந்துவிடும். அளவு மாற்ற வேண்டுமானால் அன்றைக்கே மாற்றலாம்.

கடைக்காரனாக இரண்டு விஷயம். அசெனோகூமரால் அரை, 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது. கடையில் 2 இல்லை, 4-ஐப் பாதியாக்கிக்கொள் என்று தந்தால் வாங்காதே, அடுத்த கடைக்குப் போ. வார்ஃபரின் இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று தந்தாலும் வாங்காதே. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் அவை சமம் இல்லை. மலிவாக இருக்கிறதே என்று மக்கள் மருந்தகத்தில் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லி ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு அதிலேயே நில்.

அட்டையைக் கத்தரிக்கச் சொல்லாமல் முழு அட்டையாக வாங்கு. பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கும்.


படபடப்பு பார்ட்டி
திங்கள், இரவு 8.45

நானும் இந்த ஜாதிதான். வயது 52, ஆற்காடு. எனக்கு எழுதியது அமியோடரோன். இதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

நன்றாக வேலை செய்யும், துடிப்பு சீரானது. ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். எட்டாவது மாதம் உடம்பு ஊதி, சதா தூக்கம், மே மாதத்தில் குளிர்கிறது என்று போர்வை கேட்டேன். ராணிப்பேட்டை ஜில்லாவில் மே மாதம் போர்வை கேட்டவன் நான் ஒருவன்தான். தைராய்டு விழுந்திருந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு, கல்லீரல் சோதனை. நெஞ்சு எக்ஸ்ரேயும் அவ்வப்போது. வறட்டு இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் தூசி, பனி என்று சொல்லாமல் காட்ட வேண்டும், நுரையீரலைப் பாதிக்கும் மருந்து இது. வெயிலில் போனால் தோல் எரியும். முழுக்கை சட்டை இல்லாமல் வண்டி எடுப்பதில்லை.

இன்னொன்று, இது உடம்பில் மாதக்கணக்கில் தங்கும். நிறுத்தி ஒரு மாதமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது பாட்டுக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். போன வருடம் சளி என்று கடையில் அசித்ரோமைசின் கேட்டேன். கடைப் பையன் சீட்டைக் கேட்டதால் தப்பித்தேன். இரண்டும் சேர்ந்தால் துடிப்பே தாறுமாறாகுமாம்.


முள்ளுக்கத்தரி
திங்கள், இரவு 9.10

அந்தப் பையனுக்கு ஒரு மக்கன்பேடா வாங்கிக் கொடுத்தாயா?

கவுண்டன்யக்கரை, ஒரு குறிப்பு. அம்மாவுக்கு என்றாவது அமியோடரோன் சேர்த்து எழுதினால் டிகாக்சினையும் அசெனோகூமராலையும் குறைக்க வேண்டி வரும். அது இரண்டின் வேகத்தையும் ஏற்றிவிடும். எழுதுகிற டாக்டர் வேறாக இருந்தால் இந்த இரண்டும் போடுவதை நீயே வாய் திறந்து சொல்.


மேல்விஷாரத்துக்காரன்
செவ்வாய், காலை 9.20

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் அத்தாவுக்கு ரிவரொக்சபான். போன ரமலானில் நடந்தது. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், அத்தோடு மாத்திரை, அப்புறம் தொழுகை. கஞ்சி குடிக்க அரை மணி நேரம் ஆகிவிடும். ரிவரொக்சபானைச் சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பு சரியாக உறிஞ்சும் என்று பாதி மாதம் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டோடு போட்டார்.

தினம் இரண்டு வேளை மாத்திரைக்காரர்களுக்கு நோன்பில் இடைவெளி கோணலாகிவிடும். ரமலான் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் அட்டவணை கேட்டு வாங்கிவிடுங்கள். நீர் மாத்திரைக்காரர்கள் நோன்பு வைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.


கவுண்டன்யக்கரை
புதன், காலை 8.05

நல்ல தகவல் அண்ணா. அம்மாவும் கிருத்திகைக்கு ஒரு பொழுதுதான் சாப்பிடுவார். கேட்டு வைக்கிறேன்.

கீரை விஷயம் யாராவது சொல்லுங்களேன். சீட்டில் கீரை வேண்டாம் என்று இல்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லி அம்மா ஒரு வருடமாகத் தொடவில்லை. வாசலில் முருங்கை மரம் வேறு.


முள்ளுக்கத்தரி
புதன், காலை 8.40

கீரையில் வைட்டமின் கே. அசெனோகூமரால் அதற்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. அதனால் ஒரேயடியாக விடு என்று அர்த்தம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால், எல்லா வாரமும் இரண்டு நாள் ஒரு கரண்டி. மழைக்குப் பிறகு மரம் துளிர்த்தது என்று தினமும் முருங்கைக்கீரை அடை, பொரியல், சூப் என்று இறங்கினால் ஐ.என்.ஆர். விழும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டால் ஏறும். இப்போது அம்மா தொடவே இல்லை என்றால், இன்றைக்கே ஆரம்பிக்காதே. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பி.

காய்ச்சல், பேதி, நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றாலும் ஐ.என்.ஆர். எகிறும். இதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.


கவுண்டன்யக்கரை
வெள்ளி, பகல் 2.30

ஐ.என்.ஆர். 4.2.

2 மில்லிகிராம்தான், தினமும் 6 மணிக்கு நானே போன் செய்து போட வைத்தேன். எப்படி ஏறியது என்று புரியாமல் நின்றபோது, அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை டாக்டர் பார்த்தார். "இடுப்பில் என்ன?"

புதன்கிழமை முட்டி வலி. தெருமுனைக் கிளினிக்கில், "ஒரு ஊசி போடுங்க, சீக்கிரம் சரியாகணும்" என்று அம்மாவே கேட்டு வாங்கியிருக்கிறார். இடுப்பில் வலி ஊசி, கூடவே மூன்று நாளைக்கு வலி மாத்திரை, பொட்டலமாகக் கட்டி. இதய மாத்திரை போடுகிறேன் என்று அம்மாவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், கல்லு மாதிரி இருக்கிறது. என்னிடம் சொல்லாததற்குக் காரணம், "நீ திட்டுவே."

இன்று ஒரு வேளை அசெனோகூமராலை நிறுத்தி, பிறகு அளவு குறைத்திருக்கிறார். வலி மாத்திரை நிறுத்தம். வீக்கம் பெரிதானால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.


மருந்துக்கடை தாத்தா
வெள்ளி, மாலை 3.15

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவருக்குச் சதையில் ஊசி போட்டால் உள்ளுக்குள்ளேயே கசிந்து கட்டிக்கொள்ளும். கைத்தசையில் மெல்லிய ஊசியில் போடுகிற தடுப்பூசி வேறு, அதையும் சொல்லிவிட்டுப் போட்டு, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாமே வயிற்றில் புண் கிளப்பும், ரத்தக்கசிவைக் கூட்டும், ஐ.என்.ஆரையும் ஏற்றலாம். வலிக்குப் பாராசிட்டமால்தான். அதையும் டாக்டர் சொன்ன அளவில். ஒரு நாளைக்கு நாலு என்று பல நாள் போட்டால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும்.

பொட்டலம் கட்டித் தருகிற மாத்திரை எதுவும் வேண்டாம். பெயர் தெரியாததை எப்படிச் சரிபார்ப்பது? பேதிக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல், படர்தாமரைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல், காட்ரைமாக்சசோல் எல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும். அசெனோகூமராலோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரைக் கூரைக்குத் தூக்கும். டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் அதைத் தரைக்கு இறக்கும்.

என் கடையில் ஒருவர், தோல் தொழிற்சாலையில் வேலை. நாலு வருடம் ஒழுங்காக மாத்திரை வாங்கினார். பல் பிடுங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, தானாகவே ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினார். பல்லு நல்லபடியாகப் போனது. ஒன்பதாவது நாள் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. பல் வைத்தியர் சொல்லி நிறுத்தினாரா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "பல் டாக்டருக்கு மாத்திரை விஷயமே தெரியாதுங்க" என்றார். ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தால் பல சமயம் நிறுத்தாமலே பல் பிடுங்குகிறார்கள். எனக்கு இன்னும் அந்தக் கை நினைவில் இருக்கிறது. முன்பு அதே கையால்தான் சில்லறை எண்ணித் தருவார்.


கோட்டை அகழி
வெள்ளி, மாலை 5.40

தாத்தா, படித்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் தோன்றவில்லை.

எங்கள் கதை: ஆஸ்பிரினை டாக்டர் எழுதவே இல்லை. நிறுத்தச் சொல்லிவிட்டார். வாத்தியாரோடு அப்பா பேசுவதில்லை.


படபடப்பு பார்ட்டி
வெள்ளி, இரவு 7.30

சகோதரி, நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு அட்டையில் என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். விழுந்து கிடந்தால் 108-இல் வருகிறவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் இல்லையா. அம்மாவுக்குச் சுருக்குப் பையில் வைத்துக் கொடுங்கள். காசு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.


முள்ளுக்கத்தரி
வெள்ளி, இரவு 8.00

நல்ல யோசனை. அம்மாவுக்கு நாடி பார்க்கவும் சொல்லிக்கொடு. கட்டைவிரலுக்கு நேராக மணிக்கட்டில் இரண்டு விரல். இந்த நோயில் துடிப்பு ஒழுங்கில்லாமல் வரும், அதனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். டிகாக்சின் போடும் முன் 60-க்குக் கீழே இருந்தால் போடாமல் போன் செய்யச் சொல். சாப்பாடே பிடிக்கவில்லை, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்றாலும் அப்படியே.

சித்திரை வெயிலில் இன்னும் கவனம். 40 டிகிரியைத் தாண்டும்போது நீர் மாத்திரையும் போட்டு, வேர்த்தும் கொட்டி, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் மந்தமாகும், டிகாக்சின் தேங்கும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு வை. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அளவு உண்டு.

வேளை தவறினால்: அசெனோகூமரால் அன்றைக்குள்ளேயே நினைவு வந்தால் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய மாத்திரையை மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. விட்ட தேதியைக் குறித்து வைத்துச் சொல்ல வேண்டும்.

வாய் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது என்றால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உடனே 108. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. ரத்தம் உறையாத மாத்திரை போடுவதை முதல் வார்த்தையாகச் சொல். தலையில் அடிபட்டால் வெளியே ரத்தம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.


கவுண்டன்யக்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

கேட்டவர்களுக்காக: நேற்றைக்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். 2.4. அதற்கு முந்தைய வாரம் 2.6. இடுப்பு வீக்கம் கரைந்து, கத்தரிக்காய் நிறம் மஞ்சளாகி, இப்போது இல்லை.

நாள்காட்டியில் தேதி கிழிக்கும் தாளின் பின்பக்கம் அம்மா நாடி எண்ணிக்கையை எழுதுகிறார். கிழித்த தாள்களை ஆணியில் குத்தி வைத்திருக்கிறார், பழைய மளிகைக்கடை ரசீது மாதிரி. மாலை மாத்திரை போட்டதும் முன்பக்கம் ஒரு கோடு. சனி, ஞாயிறு தாள்களில் டிகாக்சினுக்கு மட்டும் "லீவு" என்று எழுதச் சொன்னேன். அம்மா "லீ" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அட்டை சுருக்குப் பையில் இருக்கிறது. போன வாரம் காய்ச்சலுக்குப் போனபோது அதே கிளினிக்கில் முதலில் அதைத்தான் மேசையில் வைத்தாராம், ஊசியும் கேட்கவில்லையாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி முருங்கைக்கீரை டாக்டர் அனுமதியோடு ஆரம்பித்தாயிற்று. பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் அம்மாவே பாடம் எடுக்கிறார்.

ஞாயிறு ராத்திரிப் படபடப்பு மூன்று வாரமாக இல்லை. இன்று மதியம் மட்டன் குழம்புதான். "ஆட்டுக்கறி கடையை மாத்தினேன், அதான் ஒத்துக்குது" என்கிறார்.